ரோபோ வருவதற்கு முன் லாரியைப் பூட்டிய கைகள்: அசெம்பிளி லைன் பற்றி ஓர் எளிய அறிமுகம்

லாரித் தொழிற்சாலை என்றதும் இன்று பலருக்குக் கண்ணில் வருவது ஆரஞ்சு நிற எந்திரக் கைகள்தான். வளைந்து நீண்டு, தீப்பொறி பறக்க வெல்டிங் அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குத் திரும்பும். அந்தக் கைகள் வருவதற்கு முன்னால் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அந்த வேலை முழுவதையும் மனிதர்களே செய்தார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட், ஃபிளின்ட், பான்டியாக், சவுத் பென்ட் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அதுதான் பிழைப்பு.

லைனில் நிற்பவருக்கு ஒரு நட்டை முறுக்கத் தெரிந்தால் போதும், வேறு எதுவும் தெரிய வேண்டாம் என்று ஒரு பேச்சு உண்டு. கார் லைனைப் பற்றிச் சொல்வதே முழுதாகச் சரியில்லை. லாரி லைனைப் பற்றி அப்படிச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். ஏன் என்பதற்கு, லைன் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

வண்டி நகர ஆரம்பித்த ஆண்டு

1913 வரை டெட்ராய்ட் பக்கத்தில் ஹைலண்ட் பார்க்கில் இருந்த ஃபோர்டு ஆலையில் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. சேஸிஸ்களை, அதாவது வண்டியின் அடிச்சட்டங்களை, வரிசையாகத் தாங்கிகள்மேல் வைத்திருப்பார்கள். ஆக்ஸில் மாட்டும் குழு ஒன்று, எஞ்சின் ஏற்றும் குழு ஒன்று என்று ஒவ்வொரு குழுவும் வண்டி வண்டியாக நடந்துபோய்த் தன் வேலையை முடிக்கும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுபவர்கள் இலைமுன் உட்கார்ந்திருக்க, சாம்பார் வாளிக்காரரும் பொரியல்காரரும் வரிசையில் நடந்து வருகிறார்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான். ஒரு சேஸிஸைப் பூட்டி முடிக்க ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேர மனித உழைப்பு ஆனது.

1913 இலையுதிர் காலத்தில் ஃபோர்டு ஆட்கள் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். சுமார் 250 அடி நீளத்துக்கு ஒரு கயிறு, அதைச் சுற்றி இழுக்க விஞ்ச் என்ற ஓர் உருளை எந்திரம். சேஸிஸைக் கயிற்றில் கட்டி மெதுவாக இழுத்தார்கள். வழியெங்கும் உதிரிபாகங்கள் குவித்து வைக்கப்பட்டிருந்தன. ஆறு பேர் கூடவே நடந்து பூட்டிக்கொண்டு போனார்கள். நேரம் 5 மணி 50 நிமிடமாக இறங்கியது. அப்புறம் கயிறு போய்ச் சங்கிலி வந்தது. ஆட்கள் நடப்பதை நிறுத்தி ஓரிடத்தில் நின்றார்கள். வேலையை இன்னும் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கினார்கள். 1914-இன் நடுப்பகுதிக்குள் ஒரு சேஸிஸுக்கு 1 மணி 33 நிமிடம் போதும் என்றாயிற்று.

இதே ஆலையில் நடந்த இன்னொரு சின்ன சம்பவம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. எஞ்சினுக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவை ஒரே ஆள் முழுதாகப் பூட்டியபோது 20 நிமிடம் ஆனது. அந்த வேலையை 29 பேருக்குப் பிரித்துக் கொடுத்ததும் 13 நிமிடம் 10 நொடி ஆயிற்று. பிறகு லைனின் உயரத்தை 8 அங்குலம் ஏற்றினார்கள். அவ்வளவுதான் செய்தார்கள், நேரம் 7 நிமிடமாகக் குறைந்தது. குனிந்து செய்த வேலையை நிமிர்ந்து செய்ய முடிந்ததில் அத்தனை வித்தியாசம். மனித உடம்பு எப்படி வளையும், கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதைச் சுற்றித்தான் லைன் கட்டப்பட்டது. பின்னாளில் அந்த உடம்பே அதற்கு விலையும் கொடுத்தது.

லாரி இந்தக் கதைக்குள் வந்தது 1917-இல். ஃபோர்டு தன் புகழ்பெற்ற மாடல் டி காரின் சட்டத்தைச் சுமார் இரண்டு அடி நீட்டி, பின்பக்கத்தை வலுப்படுத்தி, ஒரு டன் சுமக்கும் மாடல் டிடி என்ற லாரியை விற்க ஆரம்பித்தது. விலை 600 டாலர். அந்த விலைக்குச் சேஸிஸ் மட்டும்தான் கிடைக்கும். கேபினும் சாமான் ஏற்றும் பெட்டியும் வாங்கியவர் பாடு. நம் ஊரில் லாரித் தொழிலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சேஸிஸை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்து நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பாடி கட்டும் வழக்கம் இங்கே நீண்ட காலமாக இருக்கிறது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய நிறுவனம்தான், இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து கோமெட் லாரிகளைப் பூட்டி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அங்கேயும் முதலில் கைதான், ரோபோ எல்லாம் வெகு பின்னால்.

லைனின் கணக்கு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்தால் லைனில் நடந்த சண்டைகள் பாதி புரிந்துவிடும்.

ஒரு லைனிலிருந்து மணிக்கு 40 லாரி இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 60 நிமிடத்தை 40-ஆல் வகுத்தால் ஒன்றரை நிமிடம், அதாவது 90 நொடி. லைனில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு லாரிக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். சரி, ஒரு லாரியைப் பூட்ட மொத்தம் 15 மணி நேர உழைப்பு தேவை என்றால் அது 900 நிமிடம். அதை ஒன்றரையால் வகுத்தால் 600. ஆக, 600 பேர் வேண்டும். அந்த 900 நிமிட வேலையை 90 நொடித் துண்டுகளாக நறுக்கி, ஆளுக்கு ஒன்றாகப் பங்கு வைப்பதற்கு லைன் பேலன்ஸிங் என்று பெயர். காகிதத்தில் எளிது. நடைமுறையில் ஒருவருக்கு 85 நொடி வேலை விழும், பக்கத்து ஆளுக்கு 60 நொடி வேலை விழும், இன்னொருவருக்கு 95 நொடி வந்துவிடும். ஸ்டாப்வாட்ச் பிடித்த ஆட்கள் வந்து நின்றால் ஏன் எல்லோர் முகமும் மாறியது என்று இதிலிருந்து தெரியும்.

இப்போது நிர்வாகம் மணிக்கு 45 லாரி வேண்டும் என்கிறது. ஒரு லாரிக்கு 80 நொடி. ஆளைக் கூட்டினால் பிரச்சினை இல்லை. கூட்டாமல் சங்கிலியின் வேகத்தை மட்டும் கூட்டினால், எட்டு மணி நேர ஷிஃப்டில் 320 தடவை செய்த வேலையை 360 தடவை செய்ய வேண்டும். ஸ்பீட்-அப் என்று தொழிலாளர்கள் கசப்போடு சொன்னது இதைத்தான். கூலியைப் பற்றிய கோபத்தைவிட இந்தக் கோபம் பல இடங்களில் பெரிதாக இருந்தது.

லாரி லைனில் இதற்கு மேல் ஒரு சிக்கல் இருந்தது. அடுத்தடுத்து வரும் வண்டிகள் ஒன்றுபோல இருக்காது. 1948-இல் ஃபோர்டின் எஃப் வரிசை வந்தபோது அரை டன் எஃப்-1-இலிருந்து பெரிய எஃப்-8 வரை எட்டு எடைப் பிரிவுகள் இருந்தன. ஒரே பிரிவுக்குள்ளும் சட்டத்தின் நீளம் மாறும், எஞ்சின் மாறும், ஆக்ஸிலின் பல் விகிதம் மாறும், கமான் பட்டைகளின் கனம் மாறும், பின்னால் ஒற்றை வீலா இரட்டை வீலா என்பது மாறும். பால் வண்டிக்காரருக்கு ஒன்று வேண்டும், நிலக்கரி ஏற்றுபவருக்கு வேறொன்று வேண்டும். அதனால் ஒவ்வொரு சட்டத்தோடும் ஒரு தாள் வரும். இந்த வண்டிக்கு என்னென்ன என்று குறியீட்டு எண்களாக அதில் அச்சிட்டிருக்கும். இருக்கை தைக்கும் பகுதிக்கும் எஞ்சின் பகுதிக்கும் டெலிடைப் என்ற தந்தித் தட்டச்சு எந்திரம் வழியாக அதே வரிசை முன்கூட்டியே போய்விடும். சட்டம் வந்து சேரும்போது அதற்குரிய எஞ்சினும் மேலே தொங்கியபடி வந்து சேர வேண்டும்.

லைனில் நின்றவர் அந்தத் தாளை ஒரு பார்வையில் படித்து, எதிரே உள்ள தட்டுகளில் சரியான பட்டையை எடுத்து, 90 நொடிக்குள் மாட்டினார். கனமான வண்டிக்கு 110 நொடி பிடிக்கும், லேசான வண்டிக்கு 75 போதும். கனமானவை இரண்டு அடுத்தடுத்து வந்தால் ஆள் லைனோடு நகர்ந்துகொண்டே போய் அடுத்தவர் இடத்துக்குள் நுழைந்துவிடுவார். ஸ்பேனர் அங்கே எட்டாது, காற்றுக் குழாய் இழுத்துப் பிடிக்கும், அடுத்த ஆளும் தாமதமாவார். அனுபவசாலிகள் தலையைத் தூக்கி, வண்டிகள் வரும் பக்கம் மூன்று நான்கு வண்டி தள்ளி என்ன வருகிறது என்று பார்த்தபடியே வேலை செய்வார்கள். லேசான வண்டிகள் வரும்போது வேகமாக முடித்து முன்னேறிப்போய் நின்று, அப்படிச் சேர்த்த இரண்டு மூன்று நிமிடங்களைக் கனமான வண்டிக்கோ ஒரு சிகரெட்டுக்கோ வைத்துக்கொள்வார்கள். பக்கத்துப் பக்கத்து ஆட்கள் இருவர் ஒப்பந்தம் போட்டு, ஒருவர் இரண்டு பேர் வேலையையும் அரை மணி நேரம் செய்ய, மற்றவர் ஓய்வெடுப்பதும் உண்டு. ஃபோர்மேனுக்கு அது பிடிக்காது. இந்தத் திட்டமிடல் எதையும் யாரும் அவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தரவில்லை.

சட்டத்திலிருந்து ஸ்டார்ட் ஆகும் வரை

லாரியின் முதுகெலும்பு சட்டம். இரண்டு நீள இரும்புச் சானல்கள், நடுவே குறுக்குக் கம்பிகள், இணைப்புக்கு ரிவெட். சுமை ஏறி மேடு பள்ளத்தில் போகும்போது சட்டம் கொஞ்சம் முறுக வேண்டும். வெல்டிங் மூட்டு அந்த முறுக்கலில் விரிசல் விட வாய்ப்பு உண்டு, ரிவெட் தாங்கும். கனரக லாரிச் சட்டங்களில் ரிவெட்டை இன்றும் பார்க்கலாம்.

இங்கே ஒரு வியப்பான செய்தி. ரோபோவுக்கு நாற்பது ஆண்டு முன்பே, 1921-இல், மில்வாக்கியில் ஏ.ஓ. ஸ்மித் என்ற நிறுவனம் கார்ச் சட்டங்களை ஏறக்குறைய மனிதக் கை படாமலே செய்யும் ஆலையைக் கட்டியது. நாளைக்கு 10,000 சட்டம் வரை செய்யும் திறன் அதற்கு இருந்தது. அப்படியென்றால் மற்ற வேலைகளை ஏன் மனிதர்கள் இன்னும் அரை நூற்றாண்டு செய்தார்கள்? அந்த எந்திரங்களுக்கு ஒரே பொருளை ஒரே மாதிரி செய்ய மட்டும்தான் தெரியும். வடிவம் மாறினால் ஆலையையே மாற்றியமைக்க வேண்டும். ரோபோவின் புதுமை, அதற்கு வேறு அசைவைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதுதான். தானியங்கி எந்திரத்துக்கும் ரோபோவுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. ரோபோ வரும்வரை, வண்டிக்கு வண்டி மாறும் வேலைக்கு மனிதரைத் தவிர வேறு வழி இல்லை.

பல லாரி ஆலைகளில் சட்டம் லைனுக்குள் தலைகீழாகத்தான் நுழையும். கமான் பட்டைகளையும் ஆக்ஸில்களையும் மேலிருந்து இறக்கி வைத்து யு-போல்ட் போட்டு முறுக்குவது அப்படித்தான் எளிது. அது முடிந்ததும் ஹாய்ஸ்ட் கொண்டு சட்டத்தைப் புரட்டிப் போடுவார்கள். பிறகு பிரேக் குழாய்கள், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பெட்ரோல் டேங்க். எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றாகச் சேர்ந்து சங்கிலியில் தொங்கியபடி வரும். இரண்டு பேர் பிடித்து ஆட்டி அசைத்து அதன் இருக்கையில் உட்கார வைப்பார்கள். சங்கிலி நிற்காது. நகர்கிற சட்டத்தில் நகர்கிற எஞ்சினை இறக்க வேண்டும்.

கேபின் வேறு இடத்தில் வளரும். அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரோபோ முதலில் கைவைத்த வேலைகள் அங்கேதான் இருந்தன.

அச்சில் அழுத்தி எடுத்த தகடுகளைப் பெரிய இரும்புச் சட்டகத்துக்குள் வைத்து இறுக்கிப் பிடித்து ஸ்பாட் வெல்டிங் அடிப்பார்கள். வெல்டிங் துப்பாக்கி என்பது பெரிய இடுக்கி மாதிரி ஒரு கருவி. அதன் இரண்டு செம்பு முனைகள் தகடுகளைக் கவ்வும். பட்டனை அழுத்தினால் சில ஆயிரம் ஆம்பியர் மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பாயும். கவ்விய இடம் மட்டும் உருகி ஒட்டும். முனைகள் வெந்துவிடாமல் இருக்க உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். துப்பாக்கி மேலே ஒரு பேலன்ஸரில் தொங்குவதால் எடை கையில் தெரியாது என்பார்கள். நிற்கும்போது தெரியாது, உண்மைதான். ஆனால் அதை இழுத்து, திருப்பி, கேபினுக்குள் நுழைத்து, மறுபடி வெளியே எடுக்கும்போது மொத்த கனமும் தோள்பட்டைக்குத்தான் வரும். தண்ணீரும் செம்பும் நிரம்பிய கேபிள் மலைப்பாம்பு கனத்தில் பின்னாலேயே இழுபடும். தீப்பொறி சட்டைக் கையைத் துளைக்கும்.

அந்த வேலையிலும் தெரிந்துகொள்ள வேண்டியது இருந்தது. நூற்றுக்கணக்கான தடவை அடித்ததும் செம்பு முனை தட்டையாகிவிடும். தட்டையான முனையில் மின்சாரம் அகலமாகப் பரவும், பொட்டு சரியாக உருகாது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல வெல்டிங் போலவே தெரியும். ஆய்வாளர் உளியைத் தகடுகளுக்கு நடுவே விட்டுத் தட்டிப் பார்த்தால்தான் பிரிவது தெரியவரும். அடிக்கிற ஆளுக்கோ உளி வரும் முன்பே சத்தத்திலும் தீப்பொறி பறக்கும் விதத்திலும் தெரிந்துவிடும். அரம் எடுத்து முனையைக் கூராக்கிக்கொண்டு தொடர்வார். அதற்கும் அந்தத் தொண்ணூறு நொடிக்குள்தான் நேரம் தேட வேண்டும்.

வெல்டிங் முடிந்த கேபினில் தகடுகள் சேரும் இடங்கள் பள்ளமாக இருக்கும். இன்று நம் டிங்கரிங் கடைகளில் அதற்குப் பட்டி பூசுகிறார்கள். அன்று ஈயம். ஏறத்தாழ 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த கட்டி. ஏன் இந்தக் கலவை? சுத்தமான ஈயம் 327 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகி ஓடிவிடும். இந்தக் கலவையோ 183 டிகிரியில் இளக ஆரம்பித்து, 250-ஐத் தாண்டும் வரை முழுதாக உருகாமல் குழைந்த நிலையிலேயே இருக்கும். அந்த எழுபது டிகிரி இடைவெளிக்குள்தான் வேலை. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் ஈயக் கட்டி. முதலில் மூட்டைச் சுத்தம் செய்து வெள்ளீயப் பூச்சு கொடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் பிடிக்காது. பிறகு சூடு காட்டி ஈயத்தை மூட்டில் ஒட்ட வைத்து, கொழுப்பில் தோய்த்த மேப்பிள் மரத் தட்டையால் இழுத்துத் தேய்த்துப் பரப்புவார்கள். சூடு குறைந்தால் ஈயம் மணல்போல உதிரும். கூடினால் செங்குத்தான கேபின் தூணிலிருந்து வழிந்து தரையில் விழும். சுடரை எப்போது விலக்க வேண்டும், எப்போது திரும்பக் காட்ட வேண்டும் என்பதற்கு எந்த மீட்டரும் இல்லை. ஈயத்தின் பளபளப்பு மாறுவதைப் பார்த்தே செய்தார்கள்.

ஆறியதும் அரத்தால் ராவி, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். பெயின்ட் அடித்த பிறகு தெரியப்போகும் மேடு பள்ளத்தைக் கண் கண்டுபிடிக்காது, கைதான் கண்டுபிடிக்கும். ராவும்போது பறக்கும் ஈயத்தூள் கொடிய விஷம். அதனால் அந்த வேலையைத் தனி அறைக்குள் வைத்து, வெளிக்காற்று வரும் முகமூடி கொடுக்கும் வழக்கம் பின்னால் வந்தது. அதற்கு முன்பு வேலை செய்தவர்கள் என்ன மூச்சிழுத்தார்கள் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. ஒரு கேபின் தூணின் வழவழப்புக்கு அது தகுமா என்றால், தகாது என்றுதான் நான் சொல்வேன்.

பெயின்ட் அறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920-களின் நடுவில் டூக்கோ என்ற விரைவில் காயும் வண்ணப்பூச்சு வந்தபின், வாரக்கணக்கில் காய வேண்டியது மணிக்கணக்கில் காய்ந்தது. அடிப்பது மனிதர், கையில் ஸ்ப்ரே துப்பாக்கி, அறை முழுக்க ரசாயன நெடி. டெட்ராய்ட் வட்டாரத்தில் கறுப்பினத் தொழிலாளர்களைப் பல காலம் வார்ப்பாலைக்கும் இதுபோன்ற பெயின்ட் வேலைக்கும்தான் அனுப்பினார்கள். நல்ல வேலை என்று பெயரெடுத்த இடங்களில் அவர்களைக் காண்பது அரிது.

பெயின்ட் ஆன கேபினுக்குள் வயர், கண்ணாடி, இருக்கை எல்லாம் ஏறியபின் அது சேஸிஸைச் சந்திக்கும். மாடிக் கட்டட ஆலைகளில் கேபின் மேல் தளத்திலிருந்து தரையில் வெட்டிய திறப்பு வழியாகக் கீழே இறங்கும். கீழே இரண்டு மூன்று பேர் கையை உயர்த்திப் பிடித்து, ஸ்டியரிங் தண்டும் பெடல்களும் இடிக்காமல் வழிகாட்டி, ரப்பர் இருக்கைகள்மேல் உட்கார வைத்து போல்ட் போடுவார்கள். இரண்டு தனித்தனி வரிசைகள் இங்கே ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மேலே ஒரு கேபின் தவறிப்போய் வரிசை மாறினால், பச்சை கேபின் கேட்டவர் வண்டியில் சிவப்பு இறங்கும். அது ஒன்றோடு நிற்காது, அடுத்தடுத்த வண்டிகளும் மாறிக்கொண்டே போகும்.

வீல் மாட்டுவது கடைசிக்குச் சற்று முன். பெரிய லாரிகளின் வீலில் டயரைப் பிடித்துக்கொள்ள லாக் ரிங் இருக்கும். காற்றடிக்கும்போது ரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும் என்பது நம் பஞ்சர் கடைக்காரர்களுக்குக்கூடத் தெரியும். கூண்டுக்குள் வைத்துக் காற்றடிப்பதுதான் பாதுகாப்பு. அப்புறம் தண்ணீர், பெட்ரோல், பேட்டரி. ஒருவர் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து லைனிலிருந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். உடனே ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ரிப்பேர் பகுதியில் விடுவார்கள். சங்கிலி அதற்காகவும் காத்திருக்காது.

லைனில் நிற்பது

லைனை நிறுத்தும் அதிகாரம் அதில் நின்றவருக்கு இல்லை. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ரிலீஃப் மேன் என்ற மாற்று ஆள் வந்து நம் இடத்தில் நிற்க வேண்டும். அவர் வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். 1930-களில் ஃபோர்டு ஆலைகளில் வேலை நேரத்தில் பேசவே தடை இருந்ததால், உதடு அசையாமல் பக்கத்து ஆளோடு பேசும் கலையைத் தொழிலாளர்கள் கற்றிருந்தார்கள்.

லைன் வந்த முதல் ஆண்டிலேயே ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள். 1913-இல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க ஃபோர்டு 52,000-க்கும் மேற்பட்டோரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலைக்கு 5 டாலர் என்று அறிவித்தது அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான். முந்தைய கூலிபோல அது இரண்டு மடங்கு. தாராள மனசு என்று இதைப் புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. அந்தக் கூலியை முழுதாகப் பெற, நிறுவனத்தின் ஆட்கள் வீட்டுக்கே வந்து குடிப்பழக்கம் உண்டா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்ததையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஸ்பீட்-அப் கோபம் 1936 டிசம்பர் 30 அன்று ஃபிளின்ட்டில் வெடித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு, வெளியே போகாமல் உள்ளேயே உட்கார்ந்தார்கள். வெளியே போய் மறியல் செய்தால் வேறு ஆளை வைத்து லைனை ஓட்டிவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்தால் ஓட்ட முடியாது. 44 நாள் நீடித்தது. 1937 பிப்ரவரி 11 அன்று நிறுவனம் யுனைட்டெட் ஆட்டோ வொர்க்கர்ஸ் சங்கத்தை அங்கீகரித்தது. ஃபோர்டு அதற்கு 1941 வரை எடுத்துக்கொண்டது. ரிலீஃப் நேரம், வேகத்தைப் பற்றிப் புகார் கொடுக்கும் முறை எல்லாம் அதன் பிறகு எழுத்தில் வந்தவை.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. லாரி லைன்கள் இரவு பகலாக ஓடின. ஜெனரல் மோட்டார்ஸின் லாரிப் பிரிவான ஜிஎம்சி-யின் இரண்டரை டன் ஆறு சக்கர இயக்க லாரி 5 லட்சத்துக்கும் மேல் பூட்டப்பட்டது. சவுத் பென்ட்டில் ஸ்டூடபேக்கர் நிறுவனம் பூட்டிய சுமார் 2 லட்சம் லாரிகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. ஆண்கள் போர்முனைக்குப் போனதால் பெண்கள் ஏராளமாக லைனுக்கு வந்தார்கள். அவர்களால் முடியாது என்று அதுவரை சொல்லப்பட்ட வேலைகளைச் செய்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ரோபோ எங்கே நுழைந்தது

உலகின் முதல் தொழிற்சாலை ரோபோ யூனிமேட். ஜார்ஜ் டெவால் கண்டுபிடித்து, ஜோசப் ஏங்கல்பெர்கர் தொழிலாக வளர்த்தது. 1961-இல் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸின் ஓர் ஆலையில் வேலைக்கு நின்றது. அதன் வேலை, அச்சிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளிவரும் உலோக வார்ப்புகளை எடுத்து வைப்பது. மனிதர் செய்தால் விரல் போகக்கூடிய வேலை. 1970 வாக்கில் ஒஹாயோவின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் ஸ்பாட் வெல்டிங்குக்கு யூனிமேட்கள் வரிசையாக வந்தன. அங்கே லைன் மணிக்கு 100 கார் வரை ஓடியது, ஒரு வண்டிக்கு 36 நொடி. 1972-இல் அந்த ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்களின் புகார் முக்கியமாக ரோபோமேல் இல்லை. ஆளைக் குறைத்து, போனவர்களின் வேலையை மிஞ்சியவர்கள் தலையில் கட்டியதன்மேல்தான்.

சூடான வார்ப்பு, ஸ்பாட் வெல்டிங், அப்புறம் பெயின்ட் என்று ரோபோ நுழைந்த வரிசையைப் பார்த்தால், உடம்பைக் கெடுத்த வேலைகள்தான் முதலில் கைமாறின. அந்த வகையில் ரோபோவை நான் வரவேற்கிறேன். கேபினுக்குள் தவழ்ந்து வயரிங் கோப்பது, ரப்பர் பட்டையை விரலால் அழுத்தி உட்கார வைப்பது, கதவைத் தூக்கிப் பிடித்து இடைவெளி பார்த்துப் பொருத்துவது போன்றவை இன்றும் பெரும்பாலும் மனிதர் கையில்தான் இருக்கின்றன. யாரும் சாதாரணமாக நினைத்த அந்த வேலைகளை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பதுதான் மிகக் கடினமாக இருக்கிறது.

ரோபோ காலத்துக்கு முந்தைய அமெரிக்க லாரி ஒன்றைக் கண்காட்சியிலோ யாருடைய ஷெட்டிலோ பார்க்க நேர்ந்தால், பெயின்டின் மினுமினுப்பைவிடச் சில இடங்களைக் குனிந்து பாருங்கள். கதவு ஓரத்து மடிப்பில் ரப்பரை விலக்கினால் ஸ்பாட் வெல்டிங் பொட்டுகள் தெரியும். ஒன்றுக்கொன்று இடைவெளி சீராக இருக்காது. சில இடங்களில் இரண்டு பொட்டுகள் ஒட்டி ஒட்டி விழுந்திருக்கும். சட்டத்தின் உட்பக்கத்திலும், எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டிலும் மெழுகுக் கட்டியால் எழுதிய எண்களும், போல்ட் முறுக்கிப் பார்த்ததற்கு அடையாளமாக ஆய்வாளர் வைத்த வண்ணப் பொட்டுகளும் மிஞ்சியிருக்கலாம். வண்டியோடு பயணித்த அந்தத் தாள்கூட இருக்கை ஸ்பிரிங்குகளுக்குள் செருகப்பட்டபடி அக்கால வண்டிகள் சிலவற்றில் கிடைத்திருக்கிறது. பழைய வண்டியைப் புதுப்பிக்க எடுப்பவர்கள் மணல் வீசித் துருவை எடுப்பதற்கு முன் இவற்றையெல்லாம் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை போனால் திரும்ப வராது.